டீட்டா, பிக்காரிடினா, சிட்ரோனெல்லாவா? கொசு விரட்டியை வேதிப்பிணைப்பு பார்த்துத் தேர்ந்தெடுக்க ஓர் ஒப்பீடு

மருந்துக்கடையில் கொசு விரட்டி கேட்டால் நான்கைந்து டியூபும் பாட்டிலும் மேசைமேல் வந்து விழும். ஒன்றில் 'குழந்தைகளுக்கு ஏற்றது', இன்னொன்றில் 'நூறு சதவீதம் இயற்கை', மூன்றாவதில் 'இரவு முழுக்கப் பாதுகாப்பு'. முன்பக்க வாசகங்களை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் செயல்படு பொருளின் பெயரும் அதன் விழுக்காடும்தான் உபயோகமான தகவல். அந்தப் பெயர் எந்த மூலக்கூறு, அதில் எந்த அணு எதோடு பிணைந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால், தோலில் எவ்வளவு நேரம் நிற்கும், மூக்குக்கண்ணாடி ஃபிரேமைக் கரைக்குமா, திறந்த பாட்டில் அடுத்த மழைக்காலம் வரை தாங்குமா என்பதெல்லாம் ஓரளவு தானே விளங்கிவிடும். பிளஸ் டூ வேதியியல் நினைவிருந்தால் போதும்.

தோலில் பூசும் விரட்டிகளை மட்டுமே இங்கே ஒப்பிடுகிறோம். கொசுவத்தியும் லிக்விட் மெஷினும் வேறு சாதி. அவற்றில் இருக்கும் பைரித்ராய்டுகள் கொசுவின் நரம்பைத் தாக்கி வீழ்த்துபவை, தோலுக்கானவை அல்ல.

## முதலில் அளவுகோல்கள்

ஆவியாகும் வேகம். விரட்டி என்பது தோலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்க வேண்டிய பொருள். மளமளவென்று ஆவியானால் அரை மணியில் தீர்ந்துவிடும். ஆவியாகவே மறுத்தால் பக்கத்தில் வரும் கொசுவுக்குச் சேதி போகாது. நல்ல விரட்டிகளின் மூலக்கூறு நிறை பெரும்பாலும் 150-க்கும் 250-க்கும் இடையில் இருப்பது இதனால்தான். வேகத்தைத் தீர்மானிப்பவை மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள இழுப்புகள்: வாண்டர்வால்ஸ் விசை, இருமுனை ஈர்ப்பு, எல்லாவற்றையும்விட வலுவான ஹைட்ரஜன் பிணைப்பு. ஆவியாகும்போது மூலக்கூறுக்குள் இருக்கும் சகப்பிணைப்பு ஒன்றுகூட உடைவதில்லை.

கரைக்கும் குணம். ஃபோன் உறை, வாட்ச் கண்ணாடி, நகப்பூச்சு ஆகியவற்றின் கதி என்ன?

உள்ளிருக்கும் சகப்பிணைப்புகளின் உறுதி. காற்று, ஈரம், சோப்பு, உடலின் நொதிகள் இவற்றால் எந்தப் பிணைப்பு முதலில் உடையும்? பாட்டிலின் ஆயுளும் தோல் ஒவ்வாமையும் இதைப் பொறுத்தவை.

யாருக்குப் பூசப்போகிறோம். வயது, கண்ணெரிச்சல், பகலா இரவா.

ஒரு மணி நேரப் பாதுகாப்புக்கு என்ன செலவு. பாட்டிலின் விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். இந்த விரட்டிகள் கொசுவை மணம், சுவை ஆகிய இரண்டு வழியிலும் தொந்தரவு செய்கின்றன. 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசுவின் ஓர்கோ என்ற மணமுணரி மரபணுவைச் செயலிழக்கச் செய்தார்கள். அந்தக் கொசுக்கள் மனித வாடை இருக்கும்போது டீட்டின் ஆவியைச் சட்டை செய்யவில்லை. ஆனால் டீட் பூசிய தோலில் கால் வைத்ததும் எழுந்து பறந்தன. அதாவது ஆவி ஒரு காவல், தோல்மேல் இருக்கும் படலம் இன்னொரு காவல். பூசாமல் விட்ட இடம், பூசிய இடத்துக்கு இரண்டு அங்குலம் தள்ளியிருந்தாலும், கடி வாங்கும்.

## ஒரே பார்வையில்

| செயல்படு பொருள் | மூலக்கூறு நிறை | சிக்மா / பை பிணைப்புகள் | முக்கிய வினைசெயல் தொகுதி | ஹைட்ரஜன் பிணைப்பு கொடுக்கும் ஓஹெச் | பிளாஸ்டிக்கைக் கெடுக்குமா | எதிர்பார்க்கக்கூடிய நேரம் |
|---|---|---|---|---|---|---|
| டீட் | 191 | 31 / 4 | மூவிணைய அமைடு, பென்சீன் வளையம் | இல்லை | ஆம், நன்றாக | 10% எனில் சுமார் 2 மணி, 24% எனில் சுமார் 5 மணி |
| டைஎத்தில் பென்சமைடு | 177 | 28 / 4 | அதே | இல்லை | டீட் போலவே எச்சரிக்கை தேவை | 12% க்ரீமை 2–3 மணிக்கு என்று திட்டமிடலாம் |
| பிக்காரிடின் | 229 | 39 / 1 | கார்பமேட், ஹைட்ராக்சில் | 1 | பொதுவாக இல்லை | 20% எனில் 8 மணியும் அதற்கு மேலும் |
| ஐஆர்3535 | 215 | 35 / 2 | அமைடு, எஸ்டர் | இல்லை | சிலவற்றை | 7.5% நிமிடக் கணக்கு, 20% மணிக்கணக்கு |
| பிஎம்டி (எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெயிலிருந்து) | 172 | 32 / 0 | இரண்டு ஹைட்ராக்சில் | 2 | பொதுவாக இல்லை | 30% எனில் 4–6 மணி |
| சிட்ரோனெலால் (சிட்ரோனெல்லா எண்ணெயில்) | 154 | 28 / 2 | ஆல்டிஹைடு, இரட்டைப் பிணைப்பு | இல்லை | சாதாரணப் பயன்பாட்டில் பெரிய சேதமில்லை | ஒரு மணிக்கும் குறைவு |

பிணைப்பு எண்ணிக்கையை நீங்களே சரிபார்க்கலாம். மூலக்கூறில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, வளையம் இருந்தால் ஒன்றைக் கூட்டினால் சிக்மா பிணைப்புகள் கிடைக்கும். டீட்டில் 12 கார்பன், 17 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன், 1 ஆக்சிஜன், மொத்தம் 31 அணுக்கள். ஒரு வளையம் இருப்பதால் 31 சிக்மா. பென்சீனில் 3, கார்பனைலில் 1 என்று 4 பை.

## டீட்

அமெரிக்க ராணுவத்துக்காக 1946-ல் உருவாக்கப்பட்டு, 1957-ல் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. லேபிளில் 'என்,என்-டைஎத்தில்-மெட்டா-டொலுஅமைடு' அல்லது 'டைஎத்தில்டொலுஅமைடு' என்றிருக்கும். மற்ற விரட்டிகளை எடைபோட இன்றைக்கும் இதுதான் படிக்கல்.

அமைப்பு எளிது. ஒரு பென்சீன் வளையம், அதில் மெட்டா இடத்தில் ஒரு மெத்தில், இன்னோர் இடத்தில் கார்பனைல். கார்பனைலில் நைட்ரஜன், நைட்ரஜனில் இரண்டு எத்தில். 12 கார்பன்களில் 7 எஸ்பி2 இனக்கலப்பு, 5 எஸ்பி3.

கவனிக்க வேண்டிய இடம் அமைடுதான். நைட்ரஜனின் தனித்த இரட்டை எலக்ட்ரான் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. கார்பனைல் பக்கம் நகர்ந்து உடனிசைவில் பங்கெடுக்கிறது. அதனால் கார்பன்–நைட்ரஜன் பிணைப்புக்குப் பாதி இரட்டைப் பிணைப்பின் குணம் வந்துவிடுகிறது. சாதாரண ஒற்றைப் பிணைப்பு 1.47 ஆங்ஸ்ட்ராம் இருக்கும் இடத்தில் அமைடில் 1.35 அளவுக்குச் சுருங்கிவிடும், தாராளமாகச் சுழலவும் முடியாது. டீட்டின் புரோட்டான் என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) நிறமாலையை எடுத்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். அறை வெப்பநிலையில் இரண்டு எத்தில் தொகுதிகளின் குறிகளும் அகன்று பிரிந்து நிற்கும், மாதிரியைச் சூடேற்றினால் ஒன்றாகச் சேர்ந்துவிடும். வளையமும் கார்பனைலும் ஒரே தளத்தில் படுப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தில் தொகுதிகள் இடிப்பதால் வளையம் திருகி நிற்கிறது.

இதிலிருந்து நுகர்வோருக்கு மூன்று விஷயங்கள் தெரிகின்றன.

முதலாவது, பாட்டில் கெடாது. உடனிசைவு கொண்ட அமைடு பிணைப்பை நீராற்பகுக்க வலுவான அமிலமோ காரமோ சேர்த்து நெடுநேரம் சூடேற்ற வேண்டும். அலமாரியில் இருக்கும் டீட் பாட்டில் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். கலவையில் இருக்கும் ஆல்கஹால் ஆவியாகிப் போவதுதான் நடக்கும். அதனால் மூடியை இறுக்கி மூடி வையுங்கள்.

இரண்டாவது, நைட்ரஜனில் ஹைட்ரஜன் இல்லை. ஆக, டீட் மூலக்கூறுகள் தங்களுக்குள் ஹைட்ரஜன் பிணைப்புப் போட்டுக்கொள்ள முடியாது. வளையத்தின் வாண்டர்வால்ஸ் விசையும் கார்பனைலின் முனைவும்தான் அவற்றைத் திரவமாகப் பிடித்து வைத்திருக்கின்றன. கொதிநிலை 290 டிகிரி செல்சியஸை ஒட்டி வருகிறது. மெதுவாக ஆவியாகப் போதுமான அளவு, ஆனால் பிக்காரிடின் அளவுக்கு மந்தம் இல்லை.

மூன்றாவதுதான் எல்லோரும் புலம்புவது: பிளாஸ்டிக். டீட் ஒரு முனைவுள்ள கரைப்பான். ஓஹெச் இல்லாததால் தன் கூட்டத்தோடு கட்டிக்கொண்டு கிடக்காமல் வேறு பொருளின் சங்கிலிகளுக்கு நடுவே நுழையத் தயாராக இருக்கிறது. பாலிஸ்டைரீன், பாலிகார்பனேட், செல்லுலோஸ் அசிட்டேட், வினைல், ரேயான், ஸ்பான்டெக்ஸ், நகப்பூச்சு எல்லாம் பாதிக்கப்படும். பாலிஸ்டைரீனில் சங்கிலிகளைச் சேர்த்து வைத்திருப்பது வாண்டர்வால்ஸ் விசைதான். டீட்டின் வளையம் அந்த வளையங்களுக்கு இடையே போய் உட்கார்ந்து சங்கிலிகளைத் தளர்த்துகிறது. டீட் தடவிய கட்டை விரலால் கறுப்பு ஃபோன் உறையை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். முதலில் அந்த இடம் மினுங்கும், பிறகு பிசுபிசுக்கும், காய்ந்ததும் ரேகை அச்சாகப் பதிந்து நிற்கும். துடைத்தால் போகாது. உறையின் ஒரு சகப்பிணைப்புகூட உடையவில்லை, சங்கிலிகள் இடம் மாறி இறுகிவிட்டன, அவ்வளவுதான். பருத்தி, கம்பளி, நைலான் துணிகளுக்குச் சேதமில்லை. நைலான் சங்கிலிகள் என்–ஹெச் தொகுதிக்கும் கார்பனைலுக்கும் இடையே வரிசையாக ஹைட்ரஜன் பிணைப்புப் போட்டு இறுகி நிற்பதால் டீட் உள்ளே நுழையத் திணறுகிறது.

மறைமுகச் செலவு: மூக்குக்கண்ணாடி ஃபிரேம் (பல ஃபிரேம்கள் செல்லுலோஸ் அசிட்டேட்), வாட்ச், ஜிம் உடை. சின்ன டப்பாவில் ஊற்றி எடுத்துப்போக நினைப்பவர்கள் கண்ணாடி அல்லது ஹெச்டிபிஇ (அடர்த்தி மிகுந்த பாலித்தீன்) பாட்டிலைப் பயன்படுத்துங்கள், பாலிஸ்டைரீன் டப்பா வேண்டாம். சன்ஸ்கிரீனோடு சேர்த்துப் பூசினால் அதன் எஸ்பிஎஃப் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறையக்கூடும். அதனால் இரண்டும் ஒன்றாகக் கலந்த பாட்டிலை வாங்காதீர்கள். சன்ஸ்கிரீனை இரண்டு மணிக்கு ஒருமுறை பூச வேண்டும், டீட்டை அப்படிப் பூசக்கூடாது.

விழுக்காடு எவ்வளவு? 50 விழுக்காட்டுக்கு மேல் போனால் பாதுகாப்பு நேரம் அதிகம் கூடுவதில்லை. நம் ஊர் மாலை நேரத்துக்கு 20 முதல் 30 விழுக்காடு தாராளம். விழுக்காடு கூடினால் கொசு அதிக பயத்தோடு ஓடும் என்று நினைக்க வேண்டாம். விழுக்காடு கூட்டுவது நேரத்தைத்தான்.

## டைஎத்தில் பென்சமைடும் அதன் உறவுக்காரரும்

தமிழ்நாட்டில் மளிகைக் கடையில்கூடக் கிடைக்கும் க்ரீம் டியூப்களை, ஓடோமாஸ் உட்பட, திருப்பிப் பார்த்தால் 'என்,என்-டைஎத்தில் பென்சமைடு 12%' என்றிருக்கும். இது டீட் என்றே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். டீட்டில் வளையத்தின் மெட்டா இடத்தில் இருக்கும் மெத்திலை எடுத்துவிட்டு அங்கே ஹைட்ரஜனை வைத்தால் கிடைப்பது இது. அமைடு அதேதான், உடனிசைவு அதேதான். நிறை 14 குறைவதால் சற்று விரைவாக ஆவியாகும். டீட்டுக்குச் சொன்ன பிளாஸ்டிக் எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

இதோடு குழப்பிக்கொள்ளப்படும் இன்னொன்று டெபா, அதாவது டைஎத்தில் ஃபீனைல்அசிட்டமைடு. குவாலியரில் உள்ள டிஆர்டிஓ (பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம்) ஆய்வகம் உருவாக்கியது. வேதியியல் மாணவர்களுக்கு இது அருமையான உதாரணம். அணுக்களை எண்ணினால் டீட்டும் டெபாவும் ஒன்றே: 12 கார்பன், 17 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன், 1 ஆக்சிஜன். மாற்றியங்கள். டீட்டில் வளையத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த கார்பன், டெபாவில் வளையத்துக்கும் கார்பனைலுக்கும் நடுவே ஒரு சிஹெச்2 ஆக வந்து உட்கார்ந்துவிடுகிறது. எஸ்பி3 கார்பன் குறுக்கே நிற்பதால் வளையத்தின் பை எலக்ட்ரான்களும் கார்பனைலின் பை எலக்ட்ரான்களும் பேசிக்கொள்ள வழியில்லை. அப்படியிருந்தும் கொசுவை விரட்டுவதில் இரண்டும் நெருங்கியே வருகின்றன. விரட்டும் திறனுக்கு வளையமும் கார்பனைலும் அடுத்தடுத்து இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை, மூவிணைய அமைடும் சரியான அளவு ஆவியாகும் தன்மையும் இருந்தால் போதும் என்று இதிலிருந்து தெரிகிறது.

எப்போது இது நல்லது: மாலை ஏழு மணிக்கு மொட்டைமாடியில் இரண்டு மணி நேரம் உட்கார. மலிவு, எங்கும் கிடைக்கும். மறைமுகச் செலவு: 12 விழுக்காட்டைக் கொண்டு இரவு முழுக்கத் தாக்குப்பிடிக்கும் என்று நம்பிப் படுத்தால் விடிகாலை மூன்று மணிக்குக் கடி உறுதி. தூங்குவதற்குக் கொசுவலை மேல்.

## பிக்காரிடின்

இகாரிடின் என்றும் சொல்வார்கள். 1980-களில் பேயர் நிறுவனம் உருவாக்கியது. சில லேபிள்களில் 'ஹைட்ராக்சிஎத்தில் ஐசோபியூட்டில் பைபெரிடின் கார்பாக்சிலேட்' என்று நீட்டி முழக்கியிருக்கும், பயப்பட வேண்டாம்.

ஆறு உறுப்பு பைபெரிடின் வளையம். பென்சீன் மாதிரி தட்டையானது கிடையாது, எல்லாம் ஒற்றைப் பிணைப்பு. அதன் நைட்ரஜனில் கார்பமேட் தொகுதி, பக்கத்துக் கார்பனில் இரண்டு கார்பன் நீளத்தில் ஒரு வால், வால் நுனியில் ஓஹெச். மூலக்கூறு முழுக்க ஒரே ஒரு பை பிணைப்புதான்.

அந்த ஓஹெச்தான் வித்தியாசத்தின் பெரும்பகுதி. டீட்டுக்கு இல்லாத ஹைட்ரஜன் பிணைப்பு வசதி இதற்கு உண்டு. ஒரு மூலக்கூறின் ஓஹெச் அடுத்ததின் கார்பனைலைப் பிடித்துக்கொள்கிறது. நிறையும் கூடுதல். அதனால் ஆவியழுத்தம் டீட்டைவிடக் குறைவு, அதே விழுக்காட்டில் தோலில் அதிக நேரம் நிற்கிறது. 20% பிக்காரிடினுக்கு 8 முதல் 12 மணி நேரம் என்று லேபிளில் போட்டிருப்பார்கள். வியர்த்துக் கொட்டினால் குறையும், ஆனாலும் நீண்ட நேரம்தான். பிளாஸ்டிக் விஷயத்திலும் இதுவே காரணம்: தட்டையான வளையம் இல்லாததாலும் தன் கூட்டத்தோடு கைகோத்து நிற்பதாலும் பாலிகார்பனேட் சங்கிலிகளுக்குள் நுழையும் ஆர்வம் இதற்குக் குறைவு. வாசனையும் கிட்டத்தட்ட இல்லை, பிசுபிசுப்பும் இல்லை.

'கார்பமேட்' என்றதும் வயலில் தெளிக்கும் கார்பரில் என்ற பூச்சிக்கொல்லி நினைவுக்கு வந்து மிரள்பவர்கள் உண்டு. நியாயமான சந்தேகம், பதிலும் பிணைப்பிலேயே இருக்கிறது. கார்பரில் பூச்சியின் அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ் நொதியில் உள்ள செரின் என்ற அமினோ அமிலத்தோடு சகப்பிணைப்புப் போடுகிறது. அதற்கு வசதியாக அதன் ஆக்சிஜன் பக்கம் நாஃப்தைல் தொகுதி இருக்கிறது, அது எளிதில் கழன்று வெளியேறும். பிக்காரிடினில் அந்த இடத்தில் இருப்பது இரண்டாம் நிலை பியூட்டில். அது அவ்வளவு லேசில் கழலாது. நைட்ரஜனும் வளையத்துக்குள் முழுதாக அடைபட்டிருக்கிறது. பெயர் ஒன்றானாலும் வேலை வேறு.

மறைமுகச் செலவு: விலை, கிடைக்கும் இடம். சின்ன ஊர்க் கடைகளில் எளிதாக அகப்படாது. இணையத்தில் வாங்கும்போது விழுக்காடு போடாத பாட்டிலைத் தொடாதீர்கள். 10% வாங்கிவிட்டு 20% பாட்டிலின் நேரத்தை எதிர்பார்ப்பதும் நடக்கிறது.

## ஐஆர்3535

1970-களில் ஜெர்மனியின் மெர்க் நிறுவனம் பீட்டா-அலனின் என்ற அமினோ அமிலத்தின் சாயலில் வடிவமைத்தது. லேபிளில் 'எத்தில் பியூட்டில்அசிட்டைல்அமினோபுரோபியனேட்'. வளையமே இல்லாத நீண்ட சங்கிலி. ஒரு மூவிணைய அமைடு, ஒரு எஸ்டர்.

எஸ்டர்தான் இதன் பலமும் பலவீனமும். எஸ்டரின் கார்பனைல், அமைடைப்போல உடனிசைவால் அவ்வளவாகப் பாதுகாக்கப்படவில்லை. உடலுக்குள் போனால் நொதிகள் அதைச் சீக்கிரம் வெட்டி, நீரில் கரையும் அமிலமாக்கி, சிறுநீரோடு அனுப்பிவிடும். தோல் உணர்திறன் உள்ளவர்கள் இதை விரும்புவதற்கு இது ஒரு காரணம். அதே எஸ்டர் காரத்தன்மை உள்ள கலவையில் பாட்டிலிலேயே மெல்ல உடையும். வீட்டில் சோப்புக் கரைசலோடோ சோடா உப்போடோ கலந்து 'லோஷன்' செய்யும் யோசனை இருந்தால் கைவிடுங்கள்.

கொடுக்கும் ஹைட்ரஜன் இல்லாத இரண்டு கார்பனைல்கள் இருப்பதால் சில பிளாஸ்டிக்குகளை இதுவும் கெடுக்கும். கண்ணில் பட்டால் நன்றாக எரியும். விழுக்காடு மிக முக்கியம்: 2002-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஒப்பீட்டில், ஏடிஸ் எஜிப்டி கொசுவுக்கு எதிராக 23.8% டீட் சராசரியாக 301.5 நிமிடம் தாங்கியது, 7.5% ஐஆர்3535 தாங்கியது 22.9 நிமிடம். 20 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பதை வாங்கிப் பயனில்லை.

## பிஎம்டியும் சிட்ரோனெல்லாவும்

இவ்விரண்டையும் ஒன்றாக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. சிட்ரோனெலால் மூலக்கூறோடு ஒரு நீர் மூலக்கூறைச் சேர்த்தால் பிஎம்டி. எலுமிச்சை யூகலிப்டஸ் மரத்தின் எண்ணெயில் நிறைய இருக்கும் சிட்ரோனெலாலை அமிலம் கொண்டு வளையமாக்கித்தான் பிஎம்டி எடுக்கிறார்கள். 10 கார்பன், 18 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் என்றிருந்தது 10 கார்பன், 20 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன் ஆகிறது. இரண்டு பை பிணைப்பும் காணாமல்போய் ஒரு வளையமும் இரண்டு ஓஹெச்சும் வருகின்றன.

அந்த ஒரு நீர் மூலக்கூறு செய்யும் மாற்றம் பெரிது. சிட்ரோனெலாலில் ஹைட்ரஜன் பிணைப்புக் கொடுக்க ஆளில்லை. கொதிநிலை 207 டிகிரி செல்சியஸ்தான், தோலின் சூட்டுக்கே சடுதியில் பறந்துவிடும். பூசியதும் கமகமவென்று மணப்பது அது ஓடிக்கொண்டிருப்பதன் அடையாளம். மேலே சொன்ன 2002 ஒப்பீட்டில் சிட்ரோனெல்லா வகைகள் 20 நிமிடம்கூடத் தாங்கவில்லை, கையில் கட்டும் பட்டைகள் பாதுகாப்பே தரவில்லை. பிஎம்டியோ இரண்டு ஓஹெச்சால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தோலில் தங்குகிறது. 30% கலவை 4 முதல் 6 மணி நேரம் வரும்.

சிட்ரோனெல்லாவின் இன்னொரு தொல்லை அது பாட்டிலிலேயே மாறிக்கொண்டிருப்பது. ஆல்டிஹைடு காற்றில் ஆக்சிஜனேற்றமடைந்து அமிலமாகும். கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்பை ஒட்டிய இடத்தில் ஹைட்ரோபெராக்சைடுகள் உருவாகும். எண்ணெயில் உள்ள ஜெரனியால், சிட்ரோனெலோல் ஆகிய ஆல்கஹால்களுக்கும் இதே கதி. தோல் தடிப்புக்குப் பழைய எண்ணெய் அடிக்கடி காரணமாவது இப்படித்தான். ஆல்டிஹைடு வேறு, தோல் புரதத்தின் அமினோ தொகுதியோடு நேராகவே பிணைந்து ஒவ்வாமையைத் தூண்டக்கூடியது. 'இயற்கை' என்று கைக்குழந்தைக்குத் தடவுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எல்லாச் சிட்ரோனெல்லாவும் ஒன்றில்லை. ஜாவா வகை எண்ணெயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிட்ரோனெலால். இலங்கையிலிருந்து வரும் சிலோன் வகையில் அதில் பாதிக்கும் குறைவு. பாட்டிலில் 'சிட்ரோனெல்லா எண்ணெய்' என்று மட்டும் இருந்தால் எது உள்ளே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

'எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய்' வாங்கும்போதும் ஏமாறுவார்கள். வாசனைக்காக விற்கும் அசல் எண்ணெயில் பிஎம்டி மிகக் குறைவு. லேபிளில் 'பி-மெந்தேன்-3,8-டையால்' அல்லது 'சிட்ரியோடியால்' என்று விழுக்காட்டோடு இருக்க வேண்டும். 3 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குப் பிஎம்டி வேண்டாம். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும்.

வேப்பெண்ணெயைத் தேங்காயெண்ணெயில் கலந்து பூசுவதைப் பற்றி ஒரு வார்த்தை. வேம்பின் புகழ்பெற்ற அசாடிராக்டினின் நிறை 720. அது ஆவியாகிக் கொசுவை எச்சரிக்காது. எண்ணெய்ப் படலம் தோலை மூடுவதும் வேம்பின் மற்ற சிறு மூலக்கூறுகளின் நாற்றமும்தான் கிடைக்கும் பலன். செலவில்லை, திண்ணையில் உட்காரும் அரை மணிக்குப் பூசிக்கொள்ளலாம். டெங்குக் காலத்தில் அதை மட்டும் நம்பக்கூடாது.

## எந்த நிலைமைக்கு எது

பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், டெங்கு சீசன். ஏடிஸ் பகலில் கடிக்கும், முக்கியமாகக் காலையிலும் மாலைக்கு முன்பும். மாலை மட்டும் க்ரீம் தடவுவதில் அர்த்தமில்லை. காலையில் ஒருமுறை பூசி மாலை வரை தாங்க வேண்டும் என்றால் 20% பிக்காரிடின். கிடைக்காவிட்டால் 20–30% டீட். பிள்ளைகளின் உள்ளங்கையிலும் கண், வாயைச் சுற்றியும் பூசாதீர்கள். பெரியவர் தன் கையில் எடுத்துத் தடவ வேண்டும்.

வயல், தோட்டம், மலையேற்றம். வியர்வையும் தேய்ப்பும் அதிகம், நேரமும் அதிகம். 30% டீட், அல்லது பாலிமரில் பொதிந்து மெதுவாக வெளிவிடும் டீட் வகை. கண்ணாடி போடுபவர் பிக்காரிடின் பக்கம் போகலாம்.

கேமராவும் பைனாகுலரும் பிடிப்பவர். பிக்காரிடின். வேறு பேச்சில்லை.

தாவரப் பொருள்தான் வேண்டும் என்பவர். 30% பிஎம்டி. சிட்ரோனெல்லாவை வாசனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தோல் சீக்கிரம் சிவப்பவர். 20% ஐஆர்3535 அல்லது பிக்காரிடின். எதுவானாலும் முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு நாணய அளவு தடவி ஒருநாள் பார்த்துவிட்டுப் பிறகு.

2 மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தை. எதுவும் பூசக்கூடாது. கொசுவலை மட்டும்.

## எவ்வளவு பூசுவது, எவ்வளவு செலவாகும்

உலக சுகாதார நிறுவனத்தின் சோதனை முறையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சுமார் 600 சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 20% டீட் கரைசல் 1 மி.லி. பூசுகிறார்கள். வீட்டிலும் இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளலாம்: ஒரு முன்கைக்கு 1 மி.லி., கிட்டத்தட்ட கால் டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு முன்கை, இரண்டு கெண்டைக்கால், பாதம், கழுத்து எல்லாம் சேர்ந்தால் ஏறத்தாழ 5 மி.லி. பெரும்பாலானவர்கள் இதில் பாதிகூடப் பூசுவதில்லை. 'பூசியும் கடிக்கிறது' என்ற புகார்களில் பல இங்கேதான் முடிகின்றன.

செலவுக் கணக்கை உதாரணத்துக்கு இப்படிப் போடுங்கள். 100 மி.லி. சிட்ரோனெல்லா ஸ்ப்ரே 150 ரூபாய், 100 மி.லி. 20% பிக்காரிடின் 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை பூச முதலாவதுக்கு 7.50, இரண்டாவதுக்கு 30 ரூபாய். மாலை ஆறிலிருந்து பதினொன்று வரை ஐந்து மணி நேரம். சிட்ரோனெல்லாவை மணிக்கு ஒருமுறை வீதம் ஐந்து முறை பூசினால் 37.50, அப்போதும் இடையிடையே காவல் இல்லாத நேரம் இருக்கும். பிக்காரிடின் ஒருமுறைதான், 30. உங்கள் கடை விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்துபாருங்கள்.

பூசும் முறையில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். சன்ஸ்கிரீன் போடுவதானால் அது முதலில், காய்ந்த பிறகு விரட்டி. முகத்துக்கு நேராக ஸ்ப்ரே அடிக்காமல் கையில் எடுத்துத் தடவுங்கள். துணிக்கு உள்ளே மூடிய தோலுக்குப் பூச வேண்டாம், அங்கே ஆவி வெளியேற வழியில்லாமல் தோல் அதிகம் உறிஞ்சும். வெட்டு, சிரங்கு மேல் படக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டீட் தண்ணீரில் மிகக் கொஞ்சமே கரையும், வெறும் தண்ணீர் ஊற்றினால் படலம் அப்படியே நிற்கும். சோப்பின் நீண்ட கார்பன் வால்தான் அதைப் பிடித்து இழுத்துப்போகும். ஃபோனை எடுப்பதற்கு முன் விரல் நுனியைப் பருத்தித் துணியில் நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள்.